ஏறாதே, இறங்காதே

மேஜையின்மேல் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, செல்லமுத்து மலைமேல்தான் இருக்க வேண்டும் என்றது. மற்றது, மலையில் கால் வைக்கவே கூடாது என்றது. இரண்டிலும் ஊதா மையில் வட்ட முத்திரை இருந்தது. எதை மீறினாலும் தண்டனை ஒன்றுதான்: மறுபடியும் கடலூர் ஜெயில்.

"ஒண்ணு ஏறுங்குது, ஒண்ணு ஏறாதங்குது" என்றாள் கண்ணகி. "நடுவுல பஸ் ஸ்டாப்புலயே குடித்தனம் பண்ணச் சொல்றாங்க போல."

பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அங்கதாங்க இருக்கேன்" என்றான்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியறையில் அக்பர் அலி துப்பறியும் தொழில் நடத்திவந்தார். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பானா, சீட்டாடுவானா என்று விசாரிக்கும் வேலை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். கண்ணகி அவருடைய உதவியாளர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். அவளுக்குக் கையைவிட வாய் வேகம் என்று கீழே சைக்கிள் கடையில் சொல்வார்கள்.

செல்லமுத்து யார் என்று அக்பர் அலிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1975 ஆடி மாதம். கல்வராயன் மலையில் நெல்லிவளவு என்கிற சின்ன ஊர். எல்லையில் நின்ற ஒரு பலாமரத்துக்காக இரண்டு சிநேகிதர்களுக்குள் வாய்ச்சண்டை வந்தது. செல்லமுத்து கொடுவாளை ஒரே ஒரு முறைதான் வீசினான். சடையன் செத்துப்போனான். அந்தக் கேசில் எல்லா வாக்குமூலங்களையும் எழுதியவர் ரைட்டர் அக்பர் அலி. சடையனின் மனைவி ஏழு வயசு மகனை முந்தானைக்குள் அணைத்தபடி சொன்னதில் ஒரே ஒரு வரியை மட்டும் அவர் எழுதாமல் விட்டார். பதின்மூன்று வருஷமாக அந்த வரி அவ்வப்போது வந்து அவர் தூக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

செல்லமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னது இதுதான். நன்னடத்தைக்காக அவனை முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். சொந்த ஊரான நெல்லிவளவில் தங்க வேண்டும், திங்கட்கிழமைதோறும் மலைமேல் உள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜெயில் வாசலில் முதல் காகிதத்தைக் கொடுத்தார்கள். அவன் மலையடிவாரத்தில் கல்லுப்பாலம் நிறுத்தத்தில் இறங்கினான். மேலே போகிற பஸ் போய்விட்டது. நடக்குமுன் டீக்கடையில் உட்கார்ந்தபோது கடைக்காரர் ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். தபாலில் வந்து நான்கு நாளாகக் காத்திருந்த கவர். அதற்குள்தான் இரண்டாவது காகிதம் இருந்தது. மலையில் கால் வைக்காதே, கள்ளக்குறிச்சியில் நன்னடத்தை அதிகாரியிடம் கையெழுத்துப் போடு என்றது அது.

கடைசியாக வந்த உத்தரவுதான் பெரிசு என்று நினைத்துக்கொண்டு அவன் அடிவாரத்திலேயே தங்கிவிட்டான். இரண்டு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வந்தான். அதிகாரி நீண்ட லீவில் இருந்தார், கதவு பூட்டியிருந்தது. இதற்குள் மலை ஸ்டேஷனில் அவன் பெயருக்கு நேராக இரண்டு முறை 'ஆஜரில்லை' என்று விழுந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமையும் வராவிட்டால் ஜெயிலுக்கு எழுதிவிடுவோம் என்று அவன் மனைவி பச்சையம்மாளிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை.

"உன்னைத் திரும்ப உள்ள தள்ளணும்னு யாரு நெனப்பாங்க?" என்று அக்பர் அலி கேட்டார்.

செல்லமுத்து இரண்டாவது காகிதத்தைக் காட்டினான்.

"அது ஆபீஸ்ல இருந்து வந்த பேப்பர் இல்லீங்கய்யா. சடையன் அனுப்புனது."

அவனே தொடர்ந்தான்.

"பொழுது சாய சொல்ல மேலருந்து விசில் அடிக்கிறான். காலைல பனி மூடியிருந்தாலும் அடிக்கிறான். ரெண்டு சின்னது, அப்பறம் ஒரு நீளம். அது அவன் விசிலுங்க. காட்டுல என்ன அப்படித்தான் கூப்புடுவான்."

"செத்தவங்க தபால்ல அனுப்புனா ஸ்டாம்பு எதுக்கு ஒட்டுறாங்க?" என்று கண்ணகி கவரைத் திருப்பிக் காட்டினாள். கள்ளக்குறிச்சித் தபால் முத்திரை. "செலவில்லாம நேராவே வந்துடலாமே."

வார்த்தை கேலியாக வந்தாலும் அவள் குரல் சற்று இறங்கியிருந்தது. செல்லமுத்துவின் முகம் அப்படி இருந்தது. பயந்தவனின் முகமல்ல. யாரோ கூப்பிட்டுப் போகாமல் இருக்கிறோமே என்று வெட்கப்படுகிறவனின் முகம்.

அவனை மறுபடி கல்லுப்பாலத்துக்கே அனுப்பிவிட்டு, நாங்கள் வருகிறவரை அங்கேயே இரு என்று சொன்னார் அக்பர் அலி. பிறகு இரண்டாவது காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கண்ணகி, ஜெயில்ல இருந்து வர்ற ஆளு மொதல்ல எந்தக் கடையில டீ குடிப்பான்னு எந்த ஆபீசுக்குத் தெரியும்?"

கவரின்மேல் 'மே/பா டீக்கடை, கல்லுப்பாலம்' என்று எழுதியிருந்தது. மலைக்காரர்கள் எல்லோரும் நடையைத் தொடங்குமுன் அந்தக் கடையில்தான் உட்காருவார்கள். அது மலைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த வழக்கம்.

"இங்க பாரு, ரெண்டாவது நிபந்தனை. உச்சிக்காடு, நெல்லிவளவு, பன்னிப்பாறை, சுனையடி, இங்கெல்லாம் போவக் கூடாதாம். கீழ நாற்காலியில உக்காந்து எழுதுறவன் அடிவாரத்துல இருக்கிற சுனையடியில ஆரம்பிச்சு மேல போவான். இது உச்சியில ஆரம்பிச்சுக் கீழ இறங்குது. மேல நின்னு கீழ பாக்கிற யாரோ சொல்லி எழுதுனது."

"அதுலயும் பன்னிப்பாறை ஒரு ஊரே இல்ல, பாய். வெறும் பாறை. அங்க போயி யாரு குடியிருக்கப் போறாங்க?"

அக்பர் அலி தலையசைத்தார். ஆனால் அவரை உறுத்தியது நாலாவது நிபந்தனை. 'மனைவியும் மகளும் கீழே வந்து மேற்படியாரைப் பார்க்கத் தடையில்லை.' ஒருவனை ஜெயிலுக்குத் துரத்த நினைக்கிற எதிரி, அவன் பெண்டாட்டி பிள்ளையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இதை எழுதியவருக்கு செல்லமுத்துவின்மேல் கோபம் இல்லை. அல்லது கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது.

கண்ணகி காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கியவள் தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இது ஆர்டரே இல்ல, பாய். பரீட்சை. 'ந.க. எண் 1432/83' - இந்த நம்பர நான் எரநூறு தடவ அடிச்சிருக்கேன். எங்க இன்ஸ்டிட்யூட்ல மாதிரிக் கடுதாசிக்கு எப்பவும் இதே நம்பர்தான். அரசாங்கமே மாறுனாலும் பரீத் பாய் இந்த நம்பர மாத்த மாட்டாரு."

ஷேக் பரீத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கடைத்தெருவில் இருந்தது. பதினோரு மெஷின்கள், அத்தனையிலும் பெண் பிள்ளைகள். காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. உள் அறைக்கு அழைத்துப்போய், எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்பு மலையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஒரு ஆள் மலை ஏறக் கூடாது, ஏறினால் ஒரு உயிர் போய்விடும், சர்க்கார் காகிதம் மாதிரி ஒன்று அடித்துக் கொடுங்கள் என்று கும்பிட்டாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனாக இருக்கும், பயமுறுத்தத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்களை அவள்தான் விரல்விட்டு வரிசையாகச் சொன்னாள். நாலாவது நிபந்தனையும் அவள் சொன்னதுதான். முத்திரை அவர் போட்டதல்ல.

"மூணு தபா படிக்கச் சொல்லிக் கேட்டாங்க" என்றார் பரீத். "கடைசியா ஒண்ணு கேட்டாங்க. இத படிச்சா ஒரு மனுசன் பயப்படுவானான்னு."

ஆள் எப்படி இருப்பாள் என்று அக்பர் அலி கேட்டார். மெலிந்த உடம்பு, நாற்பது வயசு இருக்கும் என்றார் பரீத். வேறு அடையாளம் என்றால், முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் சூட்டுத் தழும்புகள், வரிவரியாக.

தெருவுக்கு வந்ததும் அக்பர் அலி, அது பச்சையம்மாளாக இருக்குமோ என்று சந்தேகத்தை வெளியிட்டார். கண்ணகி நின்றுவிட்டாள்.

"நீங்க சமைச்சிருந்தா இத கேக்க மாட்டீங்க, பாய். வூட்டுச் சட்டி வெரலத்தான் சுடும். முழங்கை வரைக்கும் சுடணும்னா அண்டாவுக்குள்ள கைய வுடணும். நூறு பேருக்குப் பொங்கிப் போடுற கை அது." காகிதத்தின் அடியில் இருந்த முத்திரையை அவள் தட்டினாள். வட்டத்தின் நடுப்பகுதியை யாரோ கட்டைவிரலால் தேய்த்துக் கலைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் 'அரசு' தெரிந்தது. முடிவில் 'தி' மட்டும் மிஞ்சியிருந்தது. "அரசு... விடுதி. மலைமேல பிள்ளைங்க தங்கிப் படிக்கிற விடுதி எங்க இருக்குது?"

"உச்சிக்காட்டுல" என்றார் அக்பர் அலி. பட்டியலில் முதல் பெயர் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை ஜீப்பில் கல்லுப்பாலம் வந்தபோது ஐப்பசிப் பனி மலையை இடுப்புவரை மூடியிருந்தது. செல்லமுத்து டீக்கடைக்குப் பின்னால், மேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான். பல்லுகூடத் தேய்க்கவில்லை. அக்பர் அலி அவனிடம் இன்னும் சில மணி நேரம் பொறு, மாலைக்குள் முடிவு தெரிந்துவிடும் என்றார். அவன் கேட்டானா என்றே தெரியவில்லை.

அப்போது அது வந்தது. பனிக்குள்ளிருந்து, மிகவும் மேலே, இரண்டு சின்ன விசில். பிறகு ஒரு நீண்ட விசில். கடைசியில் உடைந்து நின்றது.

கண்ணகியின் கை தானாகவே ஜீப்பின் கம்பியைப் பிடித்தது. ஆடு மேய்க்கிற பசங்க யாராவது இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டு, சொன்னதை அவரே நம்பாதவர்போல அடுப்பைக் குனிந்து ஊதினார். அக்பர் அலி காது கொடுத்துக் கேட்டார். செத்தவன் விசில் அடித்தால் அதில் மூச்சு வாங்காது. இந்த விசில் மூச்சு வாங்கியது.

ஜீப் ஏறியது. சுனையடி, பன்னிப்பாறை, நெல்லிவளவு என்று ஒவ்வொன்றாகப் பனியில் வந்து பனியில் மறைந்தன. ஒன்பது மணிக்கு உச்சிக்காட்டு விடுதியின் சமையல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பெரிய அண்டாவின் முன் நின்று அரிசி கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். அக்பர் அலியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க ரைட்டரு" என்றாள்.

பச்சையம்மாளும் இல்லை, செல்லமுத்துவின் சொந்தக்காரியும் இல்லை. சடையனின் மனைவி பாப்பாத்தி. செல்லமுத்து யாரைக் கொன்றானோ அவனுடைய விதவை.

அக்பர் அலி காகிதத்தை எடுத்துக் காட்டினார். அவள் மறுக்கவில்லை. விடுதி ஆபீஸ் அறையைத் துடைக்கப் போனபோது முத்திரையை வைத்ததாகவும், எழுத்து தெரியாமல் இருக்கக் கட்டைவிரலால் தேய்த்ததாகவும் அமைதியாகச் சொன்னாள். செல்லமுத்து வெளியே வருகிறான் என்று ஊருக்குச் சேதி வந்த அன்றே தன் மகன் அய்யனார் கொடுவாளைத் தீட்ட ஆரம்பித்ததையும் சொன்னாள்.

"ரைட்டரய்யா, அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். நெனப்பு இருக்குதா?"

இருந்தது. எழுதாமல் விட்ட வரி அதுதான்.

'எம் புள்ள அந்தப் பலாமரத்து மேலதான் உக்காந்துக்கினு இருந்தான். எல்லாத்தையும் பாத்துட்டான்.'

சின்னப் பையனைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம், அதை விட்டுவிடு என்று அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சொன்னார். அக்பர் அலிக்கும் அது தர்மமாகத்தான் பட்டது. விட்டுவிட்டார்.

"நீங்க எழுதல. அதனால அவன்கிட்ட யாரும் கேக்கல" என்றாள் பாப்பாத்தி. "யாரும் கேக்கல, அவனும் சொல்லல. பதிமூணு வருசமா மரத்து மேலயேதான் உக்காந்துக்கினு இருக்கான். கீழ எறங்கவே இல்ல."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவள். குற்றமாகச் சொல்லியிருந்தால் அக்பர் அலிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகனிடம் அவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில், சுனையடிக்குக் கீழே இறங்கிப்போய் செல்லமுத்துவைத் தொடமாட்டேன் என்று தன் தலையில் கைவைத்து ஒரு சத்தியம் மட்டும் வாங்க முடிந்தது. இறங்க மாட்டேன், ஏறினால் விட மாட்டேன் என்றான் அய்யனார். அன்றிலிருந்து பன்னிப்பாறையில் காத்திருக்கிறான். மகனைச் சத்தியத்தால் கட்டியாயிற்று. மற்றவனைக் கட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சர்க்காரை வரவழைத்தாள்.

"ஒருத்தனுக்கு ஏறாத, ஒருத்தனுக்கு இறங்காத" என்று கண்ணகி முணுமுணுத்தாள். "ரெண்டு உத்தரவும் ஒரே ஆபீஸ்."

"அந்த ஆளு இருந்தாலும் செத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் பாப்பாத்தி. "எம் புள்ள உள்ள போவக் கூடாது."

விசில் யாருடையது என்று அக்பர் அலி கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பன் கற்றுக்கொடுத்த விசில் என்று அவளே சொன்னாள். ஏழு வயசுக்குள் அப்பனிடம் அவன் கற்றது அது ஒன்றுதான். கீழே இருக்கிறவன் தானாக ஏறி வரட்டும் என்று அதையே அடித்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூவரும் கேட்டார்கள். அண்டாவில் சோறு கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

"கீழருந்து கேட்டுக்கினு இருந்த விசிலு நின்னுபோச்சு" என்றாள்.

அக்பர் அலிக்கு ஒரு நொடியில் விளங்கியது. அடிவாரத்தில் பல்லுகூடத் தேய்க்காமல் மேட்டைப் பார்த்து நின்றவன் இன்றைக்குக் காத்திருக்க மாட்டான். கூப்பிட்ட இடத்துக்குப் போய்விட்டான். விசில் அடித்தவன் அவனைப் பார்த்துவிட்டான். அதனால்தான் விசில் தேவைப்படவில்லை.

ஜீப் அந்த வளைவுகளில் அப்படி இறங்கியதை அதன் டிரைவர் பிற்பாடு ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் பாப்பாத்தி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிப்பாறைக்கு ஒரு வளைவு முன்னால் பாதையில் புதிதாக மண் சரிந்து கிடந்தது. இறங்கி ஓடினார்கள்.

பாறையின் மேல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இருபது வயசு. கையில் கொடுவாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு பாயில் கிடத்தியிருந்த முகத்தை அக்பர் அலி பார்த்திருக்கிறார். அதே முகம், அதே தாடை, உயிரோடு நின்றது. அவன் காலடியில் செல்லமுத்து மண்டியிட்டிருந்தான்.

செல்லமுத்துவின் இரண்டு கையிலும் ஒரு பழைய சோடா பாட்டில் இருந்தது. அதை மேலே நீட்டிக்கொண்டிருந்தான்.

"குடி சடையா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "அன்னிக்கு தண்ணி கேட்ட. நான் குடுக்காம ஓடிட்டேன். தெனமும் கேட்டுக்கினே இருக்கிற. கொண்டாந்துட்டேன், குடி. அப்பறம் இன்னா வேணா பண்ணு."

பாப்பாத்தி ஓடிப்போய் மகனைப் பிடிக்கவில்லை. பத்தடி தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் அது தெரியாது. புருஷன் கடைசியாகத் தண்ணீர் கேட்டான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. மரத்தின் மேலிருந்த ஏழு வயசுப் பையனுக்கும் அது காதில் விழுந்திருக்கவில்லை. பார்க்கத்தான் முடிந்தது அவனால்.

அய்யனார் கொடுவாளைக் கீழே போடவில்லை. ஓங்கவும் இல்லை. நெடுநேரம் அந்தப் பாட்டிலைப் பார்த்தான். பிறகு அவன் கேட்ட குரல் இருபது வயசுக்காரன் குரலாக இல்லை.

"வேற இன்னா சொன்னாரு?"

செல்லமுத்து நிமிர்ந்தான். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எதிரே நிற்பது சடையன் அல்ல என்று அவனுக்குப் புரிந்தது. யார் என்றும் புரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். மகனே என்று கூப்பிட்டார், உன் பெயரைச் சொன்னார் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் சொல்லலப்பா. தண்ணின்னு ரெண்டு தபா சொன்னான். நான் ஓடிட்டேன்."

அய்யனார் பாறையில் உட்கார்ந்தான். கொடுவாள் அவன் மடியில் கிடந்தது. அப்போதுதான் பாப்பாத்தி போய் அதை எடுத்துத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அழுதது அவளா மகனா என்று பனியில் தெரியவில்லை.

கொஞ்சம் பொறுத்து அக்பர் அலி செல்லமுத்துவை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அவனுக்கு இப்போது ஒரு வழி இருந்தது. ஏமாற்றப்பட்டேன் என்று நாளைக்கு ஸ்டேஷனில் அந்தக் காகிதத்தைக் காட்டினால் இரண்டு 'ஆஜரில்லை'யும் அடிபட்டுப்போகும், அவன் தப்பிப்பான். ஆனால் சர்க்கார் முத்திரையைத் திருட்டுத்தனமாக வைத்தவள் உள்ளே போவாள். காட்டாவிட்டால் அவன் போக வேண்டிவரலாம். எதைச் செய்வது என்று தான் சொல்லப்போவதில்லை என்றார்.

செல்லமுத்து அவரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினான். நான்காக, எட்டாகக் கிழித்துப் பாதையோர ஓடையில் போட்டான்.

"எனக்கு வந்தது ஒரே உத்தரவுதாங்க" என்றான்.

"பாய்," என்றாள் கண்ணகி மெதுவாக, "இவ்ளோ சுலபமா துப்பு தொலைஞ்ச கேஸ் நமக்கு வந்ததே இல்ல."

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் செல்லமுத்து மலை ஸ்டேஷனில் போய் நின்றான். இரண்டு வாரம் ஏன் வரவில்லை, யாராவது தடுத்தார்களா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். யாரும் தடுக்கவில்லை, ஊருக்குள் முகம் காட்டப் பயந்து கீழேயே இருந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதில் முக்கால்வாசி உண்மை. எஸ்.ஐ. அவனையும், பின்னால் நின்ற பழைய ரைட்டரையும் மாறிமாறிப் பார்த்தார். இந்த ஒரு முறை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றார். நிபந்தனையை முறைப்படி மாற்றிக் கேட்பதாக இருந்தால், மனு முடிவாகும்வரை கல்லுப்பாலத்தில் தங்கிக்கொண்டு வாராவாரம் மேலே வந்து போகட்டும், அதுவரை என் பொறுப்பு என்றும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமையும், பிறகு வந்த திங்கட்கிழமைகளிலும் பாதையில் யாரும் நிற்கவில்லை. விடுதிக்குப் பின்னால் விறகு பிளக்கும் சத்தம் மட்டும் கேட்கும். விசில் நின்றுவிட்டதாகச் செல்லமுத்து சொன்னான். தண்ணீர் கேட்கிற குரல் நின்றதா என்று கண்ணகி ஒருமுறை கேட்டாள். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. தை மாதம் புதிய உத்தரவு வந்தது, இந்த முறை நிஜமாகவே ஆபீஸிலிருந்து: மலை ஏற வேண்டியதில்லை, கள்ளக்குறிச்சியில் கையெழுத்து. பச்சையம்மாளும் மகளும் மூட்டை முடிச்சோடு கீழே வந்து சேர்ந்தார்கள்.

அந்த உத்தரவுக்கான மனு எழுதப்பட்டது, அவன் மலை ஸ்டேஷனில் முதலில் போய் நின்ற அதே திங்கட்கிழமை மதியம், துருகம் சாலை மாடியில். செல்லமுத்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாப்பாத்தி எதிர்ப் பெஞ்சில். நடுவில் கண்ணகி டைப்ரைட்டரோடு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 'கொலையுண்டவரின் மனைவியாகிய நானும், தண்டனை பெற்றவராகிய நானும் சேர்ந்து' என்று தொடங்கும் ஒரு மனுவைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டார் அக்பர் அலி.

அவரே சொல்லச் சொல்லக் கண்ணகி அடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் காரணம் எழுத வேண்டிய இடம் வந்தது. ஊர் அமைதி, பாதுகாப்பு என்று வழக்கமான வார்த்தைகள் அவர் வாயில் தயாராக இருந்தன. சொல்லப்போனவர் நிறுத்திவிட்டு, பாப்பாத்தியின் பக்கம் திரும்பினார். நீங்கள் சொல்வதை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதுகிறோம், சொல்லுங்கள் என்றார்.

அவள் சூட்டுத் தழும்பேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்:

"எம் புருசன் ஒருத்தரு செத்தாரு. அதுக்கு ஒருத்தன் பதிமூணு வருசம் உள்ள இருந்துட்டு வந்துட்டான். இன்னொருத்தன் போவ வாணாம்."